இந்தியப் பொருளாதாரத் தாளில் பாலினப் பார்வை: எந்த அலகில், எந்த வழியில்?

தென்பெண்ணை (கேள்வி)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

வட மாவட்டம் ஒன்றில், பல்கலைக்கழக இணைவு பெற்ற கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தியப் பொருளாதாரம் நடத்துகிறேன். வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் மாணவியர். சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து கட்டணமில்லாப் பேருந்தில் வருகிறவர்கள். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகையை முன்னிட்டு, ஒவ்வொரு துறையும் தன் பாடங்களில் பாலினம், சுற்றுச்சூழல், மனித விழுமியங்கள், தொழில் அறம் ஆகியவற்றை எவ்வாறு இணைத்திருக்கிறது என்று எழுதித் தருமாறு கல்லூரி கேட்டிருக்கிறது. தர மதிப்பீட்டின் முதல் அளவுகோலிலேயே இப்படியொரு கூறு இருப்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். வழக்கமாக இதற்கு நாங்கள் செய்வது, தாள்களின் தலைப்புகளில் ‘மகளிர்’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, மார்ச் 8 விழாவின் நிழற்படங்களையும் சேர்த்து அனுப்பிவிடுவதுதான். இம்முறை கோப்பை நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. வகுப்பில் உண்மையாகவே ஏதாவது மாற வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் தாளில் ஐந்து அலகுகள் உள்ளன. ஐந்தாம் அலகின் கடைசி வரியாக ‘மகளிர் மேம்பாடு, சுய உதவிக் குழுக்கள்’ என்று இருக்கிறது. அந்த வரியை எட்டும்போது பருவமே முடிந்துபோயிருக்கும். தேசிய வருமானம், வேளாண்மை, தொழில், வேலைவாய்ப்பு, வறுமை என்று மற்ற அலகுகளில் வருகிற விவசாயியும் தொழிலாளியும் பாலினமற்றவர்களைப் போலப் பேசப்பட்டாலும், பாடநூல் எடுத்துக்காட்டுகளில் அவர்கள் ஆண்களாகவே இருக்கிறார்கள்.

பாடத்திட்டக் குழுவில் எனக்கு இடமில்லை; தாளைத் திருத்தும் அதிகாரமும் இல்லை. இருக்கிற அலகுகளுக்குள்ளேயே பாலினப் பார்வையை எங்கே பொருத்துவது? பல்கலைக்கழகத் தேர்வில் கேட்கப்படாத ஒன்றை மாணவர்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்? ஆண் ஆசிரியனாகிய நான் இதைப் பேசும்போது அது அறிவுரையாகவோ கேலிக்கு இடமாகவோ மாறிவிடாமல் எப்படிக் காப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


கரிசல்மண்

அன்புள்ள தென்பெண்ணை அவர்களுக்கு,

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும், ‘ஐந்தாம் அலகின் கடைசி வரி’ எப்படி வந்தது என்பதைச் சொல்லத் தோன்றியது. இந்தியாவில் பெண்களின் நிலை குறித்து ஆராய்ந்த குழு 1974இல் அரசுக்கு அறிக்கை அளித்தது. விடுதலைக்குப் பிறகான வளர்ச்சி பெண்களுக்கும் தானாகவே வந்து சேரும் என்று நம்பியிருந்தவர்களை உலுக்கிய அறிக்கை அது. அதே ஆண்டில் பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வு மையம் தொடங்கியது; 1982இல் இந்திய மகளிரியல் சங்கம் உருவானது; 1986இன் தேசியக் கல்விக் கொள்கை பெண்களின் சமத்துவத்தைக் கல்வியின் பொறுப்பாக அறிவித்தது; அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு பல இடங்களில் மகளிரியல் மையங்களுக்கு நிதி அளித்தது. நம் மாநிலத்தில் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இலேயே வந்துவிட்டது.

அந்த மையங்கள் செய்த ஆய்வுகளைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவை வந்த பிறகு மற்றத் துறைகள் பெருமூச்சு விட்டன என்பதும் உண்மை. பொருளியல் துறைக்குள் ஒரு கேள்வி எழுந்தால், ‘அது மகளிரியல்காரர்கள் பார்க்கிற வேலை’ என்று சொல்லித் தள்ளிவிட வசதியாகிப்போனது. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, ஐந்தாம் அலகை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான். முதல் அலகில், தேசிய வருமானத்தில், தொடங்குங்கள். எது உற்பத்தி, யார் தொழிலாளி என்று வரையறுக்கும் இடத்திலேயே கேள்வி இருக்கிறது. அங்கே தவறவிட்டால், பிறகு எத்தனை அட்டவணைகளைக் காட்டினாலும் அவை பின்னிணைப்பாகவே நிற்கும்.

இதை வகுப்பில் காட்டுவதற்கு மேலைநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. சத்துணவு மையத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் பெண், கணக்கெடுப்பில் தொழிலாளி. அவரே வீட்டுக்கு வந்து ஐந்து பேருக்குச் சமைக்கும்போது அந்த உழைப்பு உள்நாட்டு மொத்த உற்பத்தியில் சேராது. அடுப்பும் அரிசியும் கையும் ஒன்றுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல்நிலைக் குறியீட்டு எண் தரப்படுகிறது. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு, வீட்டுத் தேவைக்காக விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேகரிப்பது, துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இந்த இரண்டு எண்களுக்கும் உரியவர்கள் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்கள். ஆனால் கணவரின் தேநீர்க் கடையில் கூலியில்லாமல் உதவும் பெண்ணுக்குக் குறியீடு 21. கையில் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் அவர் தொழிலாளி. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ‘உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த எண் பொருந்தும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்துக்கு நீங்கள் பேச வேண்டியிருக்காது.

அடுத்த வகுப்பில் வேலைவாய்ப்பு அலகுக்கு வரலாம். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம், அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த பங்கு, 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பது பொருளியலாளர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வி. ஏற்றத்தின் பெரும்பகுதி ஊர்ப்புறத்தில், சுயதொழில் என்ற தலைப்பின்கீழ் வருகிறது. 2023-24இல் வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியாளர்கள், அதாவது நாம் மேலே பார்த்த 21. அப்படியானால் வேலை பெருகியதா, நெருக்கடியில் குடும்பம் எல்லாக் கைகளையும் வேலைக்கு இழுத்ததா, முன்பு 92 என்று எழுதப்பட்டவர் இப்போது 21 என்று எழுதப்படுகிறாரா? இதற்கு உங்களிடம் ஆயத்த விடை இருக்க வேண்டியதில்லை. இருந்தால் நான் அதைச் சந்தேகிப்பேன்.

இந்த இடத்தில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் கொண்டுவாருங்கள். 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்த முன்னோட்டக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019இல்தான் நடந்தது. அதன்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். 2024இல் அது முறையே 289, 88 என்றானது. இரண்டு எண்களும் சேர்ந்தே குறைந்திருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது, ஆனால் அதை ஆண்கள் எடுத்துக்கொண்டதால் அல்ல.

வேளாண்மை அலகுக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடுதான் பெண்களின் பொறுப்பில் இருந்தன. நடவும் களையெடுப்பும் பெண்களின் கையில் இருக்க, பட்டா ஆண்களின் பெயரில் இருப்பதால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் போல நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்ட உதவிகள் யாரிடம் போய்ச் சேரும் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இங்கே நமக்குப் பெருமைப்பட ஒரு வரலாறும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. நடுவணரசின் திருத்தம் 2005இல்தான் வந்தது. ஆனால் நம் சட்டம் அது நடைமுறைக்கு வருமுன் மணமான மகள்களை விலக்கியது. ஒரே வீட்டில் அக்காளுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை அப்போது எழுந்தது. உங்கள் மாணவர்களின் பாட்டிமார், பெரியம்மாமார் பலரின் கதை இது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘பெண்கள்’ என்று ஒரே சராசரியாகப் பேசினால் நம் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. நிலமுள்ள குடும்பங்கள் வசதி கூடியதும் வீட்டுப் பெண்களை வயலிலிருந்து விலக்கிக்கொள்வதும், நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் ஒரு நாளும் விலக முடியாமல் கூலிக்குப் போவதும் ஒரே ஊரில் நடக்கின்றன. சாதியும் வர்க்கமும் சேராத பாலினக் கணக்கு பாதிக் கணக்குதான்.


நெடுஞ்சாலை

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். நானும் இணைவுக் கல்லூரி ஆசிரியன்தான், வணிகவியல் துறை. பருவத்துக்கு 90 வேலைநாள் என்பது காகிதத்தில்தான் இருக்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வுகள், விழாக்கள், நான் முதல்வன் வகுப்புகள், தேர்தல் பணி எல்லாம் போக எஞ்சும் நாள்களில் ஐந்து அலகுகளை முடிப்பதே பெரும்பாடு. அம்மா அவர்கள் சொன்னவை ஒவ்வொன்றும் நல்ல பாடங்கள். ஆனால் அவற்றை நடத்தி முடித்த ஆசிரியரின் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் துறைத்தலைவரிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மேலும், இன்று உயர்கல்வியில் பெண்கள் பின்தங்கி இருக்கிறார்களா? 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, உயர்கல்வியில் சேர்ந்தோரின் அளவு) 28.4 விழுக்காடு, அதில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடுதல். என் வகுப்பில் இடைநிற்பவர்கள் பையன்கள்தான். திருமண மண்டபங்களில் பரிமாறும் வேலைக்கும், உணவு விநியோகத்துக்கும் போய் வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போகிறவர்கள் அவர்கள். முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டு அதற்கேற்ற எண்களைத் தேடுகிற போக்காகப் பாலினப் பார்வை ஆகிவிடுமோ என்பது என் ஐயம்.


எண்ணும்எழுத்தும்

நெடுஞ்சாலை அவர்களின் இறுதி வரிக்காகவே இதை எழுதுகிறேன். முன்முடிவோடு எண்களை அணுகக் கூடாது என்பதைக் கற்பிப்பதற்குப் புள்ளியியல் துறையில் நாங்கள் பயன்படுத்தும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டே பாலினம் தொடர்பானதுதான். அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை; இருபரிமாண அட்டவணை நடத்தும் அன்று வேறொரு கற்பனைத் தரவுக்குப் பதிலாக இதை எடுத்தேன்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களில் ஆறு பெரிய துறைகளின் தரவு, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினாலே கூடவே கிடைக்கிறது. ஆண்கள் 2,691 பேர் விண்ணப்பித்து 1,198 பேர் இடம் பெற்றார்கள்; ஏறத்தாழ 45 விழுக்காடு. பெண்கள் 1,835 பேரில் 557 பேர், 30 விழுக்காடு. இதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்று கேட்டால், மாணவியர் ‘பாகுபாடு’ என்பார்கள். மாணவர்கள் சிலர் ‘மதிப்பெண் குறைவாக இருந்திருக்கும்’ என்பார்கள். பிறகு துறைவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ‘ஏ’ என்று குறிக்கப்பட்ட துறையில் ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும், பெண்களில் 82 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ‘சி’, ‘ஈ’ துறைகளில் ஆண்களுக்குச் சற்றே கூடுதல். ‘எஃப்’ துறையில் இரு சாராருக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. மொத்தத்தில் தெரிந்த பெரிய இடைவெளி எந்தத் துறையிலும் அப்படியே இல்லை.

காரணம், எளிதாக இடம் கிடைத்த ‘ஏ’, ‘பி’ துறைகளுக்கு ஆண் விண்ணப்பதாரர்களில் பாதிப் பேர் விண்ணப்பித்தார்கள்; பெண்களில் 1,835 பேரில் 133 பேர்தான் விண்ணப்பித்தார்கள். மற்றவர்கள் போட்டி கடுமையான துறைகளில் குவிந்தார்கள். இத்தோடு பாடத்தை முடித்து, ‘பாகுபாடு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிற ஆசிரியர்களும் உண்டு. நான் அங்கே நிறுத்துவதில்லை. அந்தத் தரவை ஆராய்ந்து 1975இல் கட்டுரை எழுதியவர்களே, பெண்கள் எந்தத் துறைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பது பள்ளிப் பருவத்திலிருந்தே தீர்மானமாகிவருகிறது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தேர்வுக் குழுவின் அறையில் இல்லாத காரணம் அதற்கு வெகு முன்னால் இருக்கலாம். ‘உங்களில் எத்தனை பேர் விரும்பிய பாடப்பிரிவில் சேர்ந்தீர்கள், விடுதியில் தங்க வேண்டியிருக்கும் என்பதற்காக எத்தனை பேர் உள்ளூரில் கிடைத்ததில் சேர்ந்தீர்கள்?’ என்று கேட்டால் பெர்க்லி நம் ஊருக்கு வந்துவிடுகிறது.

பையன்கள் இடைநிற்பது பற்றிச் சொன்னீர்கள். அதுவும் பாலினக் கேள்விதானே? ‘ஆண்பிள்ளை சம்பாதிக்க வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பு பதினெட்டு வயதில் அவனை மண்டபத்துக்கு அனுப்புகிறது. பட்டம் பெற்ற பெண்கள் பலர் அதே காலத்தில் குறியீட்டு எண் 92க்குப் போகிறார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பேசலாம்.


பணிமனை

பொறியியல் ஆசிரியன், சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிப் பாதுகாப்பு பற்றிய பாடத்தில் மோதல் சோதனைப் பொம்மையைப் பற்றிச் சொல்வேன். நெடுங்காலமாகச் சராசரி ஆணின் உடலளவே அடிப்படையாக இருந்தது. அமெரிக்கச் சோதனைகளில் பயன்படும் ‘பெண்’ பொம்மை 49 கிலோ எடையுள்ள மிகச் சிறிய உருவம். சராசரிப் பெண்ணின் அளவு அல்ல. சராசரிப் பெண்ணுடலை ஒத்த பொம்மையைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2022இல்தான் காட்சிக்கு வைத்தார்கள். மாணவர்கள் இதை வடிவமைப்புப் பிழையாகவே புரிந்துகொள்கிறார்கள், பிரசங்கம் தேவைப்படுவதில்லை.

இன்னொன்று, ஆய்வகத்தைக் கவனியுங்கள். கலப்புக் குழுக்களில் கருவியைத் தொடுவது பையன்களாகவும் பதிவேடு எழுதுவது பெண்களாகவும் தானாகவே அமைந்துவிடும். ஒவ்வொரு செய்முறைக்கும் பொறுப்புகளை மாற்றி, யார் எதைச் செய்தார் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னால் போதும். பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் எதுவும் வேண்டியதில்லை.


நொச்சி

மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கிறேன். எங்கள் துறையின் அனுபவம் உங்களுக்கு வேறொரு கோணத்தில் பயன்படலாம். பாடத்திட்டத்தில் மேலிருந்து மாற்றம் வந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு ‘இருவிரல் சோதனை’ செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தடய மருத்துவ வகுப்பில் கற்பிக்கப்பட்டது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதோடு, அந்தப் பெண்ணை மீண்டும் துன்புறுத்துவதும் அதுவே. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2014இல் நடுவண் சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல்கள் அதை விலக்கின. ஆனால் பாடநூல்கள் அசையவில்லை. 2022 அக்டோபரில், அச்சோதனையைச் செய்பவர் நடத்தை விதிகளை மீறியவராகக் கருதப்படுவார் என்றும், மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் எத்தனை தொகுதி மருத்துவர்கள் பழைய பாடத்தைப் படித்துவிட்டு வெளியே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தும் ஒரு வழக்கு உண்டு. ஒருபாலீர்ப்புள்ள இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் அவ்வாண்டு அக்டோபரில் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் பகுதிகள் உள்ள பாடநூல்களை ஏற்க வேண்டாம் என்று கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் 2024 ஆகஸ்டில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டியில், ஒருபால் உறவை ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்த பழைய வரிகள் திரும்ப வந்திருந்தன. எதிர்ப்பு எழுந்த பிறகு அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். ஆணையின் பேரில் ஒட்டப்பட்டது அடுத்த பதிப்பில் உதிர்ந்துவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, பாடத்தின் உள்ளேயே நுழைந்த மாற்றம் நிலைக்கிறது. தூக்க மருந்தான சோல்பிடெம் பெண்களின் உடலில் மெதுவாகவே வெளியேறுகிறது என்பதற்காக, 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. மருந்தியல் வகுப்பில் இதைச் சொன்னால் எந்த மாணவரும் இது பாடமா, பிரச்சாரமா என்று கேட்பதில்லை. அதே நிறுவனம் 1977இல் கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்ககட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்ததையும், அந்த விலக்கை 1993இல்தான் நீக்கியதையும் அடுத்துச் சொல்வேன். பெண்ணின் உடல் குறித்த தரவு ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்பது அப்போது விளங்கும்.

எனவே தென்பெண்ணை அவர்களே, பாடத்திட்டக் குழுவில் இடம் இல்லையே என்று வருந்த வேண்டாம். கரிசல்மண் அம்மா சொன்ன குறியீட்டு எண்கள் உங்கள் தாளின் ‘மருந்தளவு’. அவை தெரியாமல் தாளே முழுமையாகாது.


நெடுஞ்சாலை

பெர்க்லி அட்டவணையை ஏற்றுக்கொள்கிறேன். என் வணிகப் புள்ளியியல் வகுப்பிலேயே பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. நேரம் குறித்த என் கவலை மாறவில்லை. எடுத்துக்காட்டை மாற்றுவது வேறு, கூடுதலாக நடத்துவது வேறு. முதலாவதை மட்டும் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் துறைக்குப் பொருந்தும் ஒன்றை நானே சேர்க்கிறேன். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் 2018இலேயே செய்தது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே விற்கும் பெண்களை மாணவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பணியாளர் மேலாண்மைப் பாடத்தில் ‘பணிச்சூழல்’ என்ற தலைப்புக்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.


தென்பெண்ணை

அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஐந்தாம் அலகைத் தொடாமல், முதல் அலகில் குறியீட்டு எண்களையும், வேலைவாய்ப்பு அலகில் பங்கேற்பு விகிதத்தையும், வேளாண்மையில் பட்டாவையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் ஏற்கெனவே நடத்த வேண்டிய தலைப்புகளுக்குள் வருவதால், நெடுஞ்சாலை அவர்கள் சொல்லும் நேரச் சிக்கல் பெருமளவு தீரும்.

அகமதிப்பீட்டுக்கான 25 மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு உரிய பகுதியை, மாணவர்கள் தம் வீட்டில் எடுக்கும் நேரப் பயன்பாட்டுக் குறிப்புக்கு ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். வீட்டுக்குள் நடப்பதை எழுதச் சொல்வது மாணவியருக்குச் சங்கடமாகலாம். மேலும், அம்மா ஒரே நேரத்தில் அடுப்பையும் பார்த்து, குழந்தையையும் பார்த்து, தொலைபேசியிலும் பேசினால் அதை எப்படிப் பதிவு செய்யச் சொல்வது?


கரிசல்மண்

முதல் தயக்கம் நியாயமானது. பெயர், உறவுமுறை எதுவும் வேண்டாம். ‘பெண், 45’, ‘ஆண், 20’ என்று பாலினமும் வயதும் மட்டும் இருக்கட்டும். மாணவர்கள் தம்முடைய ஒரு நாளை மட்டும் எழுதலாம் என்ற மாற்று வழியும் திறந்திருக்கட்டும். தனியாக விடுதியில் இருப்பவருக்கும் அது வேண்டும். தாள்களைத் திரட்டிய பிறகு தனித்தனியாக எதையும் வகுப்பில் வாசிக்காதீர்கள். வகுப்பின் மொத்தச் சராசரியைக் கணக்கிடும் பொறுப்பை மாணவர் குழுவிடமே கொடுங்கள். எண்ணைச் சொல்பவர் ஆசிரியராக இல்லாதபோது, ஆண் ஆசிரியர் அறிவுரை சொல்கிறார் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

இரண்டாவதற்குத் தேசியக் கணக்கெடுப்பின் முறையையே பின்பற்றுங்கள். அங்கே நாள் காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 4 மணியோடு முடிகிறது. அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் நடந்தால் அவற்றையும் எழுதி, எது முதன்மையானது என்று குறிக்க வேண்டும். எது முதன்மை என்பதில் உங்கள் மாணவர்களுக்குள் வாக்குவாதம் எழும். அதை அடக்காதீர்கள், ‘குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைத்தார்’ என்பதில் குழந்தைப் பராமரிப்பு எப்போதும் இரண்டாவதாகத் தள்ளப்பட்டுக் கணக்கில் சுருங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாள் தேர்வும் முக்கியம். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு என இரண்டு தாள்கள் கேளுங்கள்.

பல்கலைக்கழகத் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வினாவை நீங்கள் மாற்ற முடியாது, விடையை மாற்றலாம். ‘தேசிய வருமானக் கணக்கீட்டில் உள்ள சிக்கல்களை விளக்குக’ என்பது ஏறத்தாழ ஒவ்வொரு பருவமும் வரும் பத்து மதிப்பெண் வினா. அதற்கு வழக்கமாக எழுதப்படும் விடையில் ‘இல்லத்தரசிகளின் பணி சேர்க்கப்படுவதில்லை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை 92, 93, 299 நிமிடம், 97 நிமிடம் ஆகியவற்றோடு ஒரு பத்தியாக எழுதப் பழக்கிவிட்டால், விடைத்தாள் திருத்துபவர் மதிப்பெண் குறைக்க மாட்டார், கூட்டியே தருவார். திருத்தும் முகாமில் பல ஆண்டு உட்கார்ந்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். அகமதிப்பீட்டு வினாத்தாளை நீங்களே எழுதுவதால், அதில் இதே வினாவைப் புள்ளிவிவரத்தோடு விளக்குமாறு கேட்டு, விடைக்குறிப்பிலும் அதற்கென மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டுங்கள். நாக் கோப்புக்கு அந்த வினாத்தாளையும் விடைக்குறிப்பையும், திருத்திய ஒப்படைப்புகளில் சிலவற்றையும் வைத்தால் போதும்.